நாற்பத்தொரு நிமிடம்

கீரமங்கலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐஸ் கிடைப்பது கஷ்டம், மேடம். மீன்காரர்கள் விடிவதற்குள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் நான் சனிக்கிழமையே பிளாஸ்டிக் பைகளில் தண்ணீர் கட்டி ஃப்ரீசரில் அடுக்கிவிடுவேன். காலையில் பைகளைச் சாக்கில் போட்டு அம்மிக்குழவியால் நாலு தட்டுத் தட்டினால் நொறுங்கிவிடும். பெட்டியில் கொட்டி மூடி, ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டால் மதியம் ஒரு மணி வரை தாங்கும். என் கணவர் தோப்பில் விழுந்து கிடந்தபோது அந்தப் பெட்டியில் முக்கால்வாசி ஐஸ் இருந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் பெயர் பரிமளா. வயது முப்பத்தெட்டு. கிராம சுகாதாரச் செவிலியர். இந்தப் பக்கத்தில் எல்லோரும் நர்சம்மா என்பார்கள். கொரோனா சமயத்தில் இதே போலீஸ் ஸ்டேஷனில் இந்த மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டுத்தான் எல்லோருக்கும் ஊசி போட்டேன். நீங்கள் அப்போது வேறு ஊரில் இருந்திருப்பீர்கள்.

என் கணவர் குணசேகரன் போன மாதம் வெயில் தாக்கி இறந்தார் என்று உங்கள் ஃபைலில் இருக்கும். அதில் பிழை ஒன்றும் இல்லை. வெயில்தான் தாக்கியது.

அவர் அரை டிரையத்லானுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். பாதி என்றதும் லேசானது என்று நினைக்க வேண்டாம். ஒரு கிலோமீட்டர் தொள்ளாயிரம் மீட்டர் நீந்த வேண்டும். கரையேறிய ஈரத்தோடு தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும். இறங்கியதும் இருபத்தோரு கிலோமீட்டர் ஓட வேண்டும். எல்லாவற்றையும் எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். போட்டி அக்டோபர் கடைசியில், கடற்கரை ஊர் ஒன்றில். ஓட்டம் தொடங்கும்போது உச்சி வெயில் வந்துவிடும். அதனால் வெயிலுக்கு உடம்பைப் பழக்க வேண்டும் என்று எல்லாப் பயிற்சியையும் வெயிலிலேயே வைத்துக்கொண்டார்.

எங்கள் மகள் செவந்தி இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒன்பது வயதில், டெங்குவில் போய்விட்டாள். ஐந்தாம் நாள். நான் பக்கத்திலேயே இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்போது அவர் கத்தாரில் சைட் சூப்பர்வைசராக இருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. திரும்பிப் போகவில்லை. நான்கைந்து மாதம் வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை. நான் வேலைக்குப் போய்த் திரும்பும்போது, காலையில் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நானும் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். இரண்டு பேரும் சாப்பிடாமல் படுத்த நாட்கள் உண்டு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது நரகமாக இருந்திருக்கும். எனக்கு அது ஒரு துணையாக இருந்தது.

பிறகு ஒரு நாள் அவர் கிணற்றுக்குப் போனார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் பாசனக் கிணறு ஒன்று இருக்கிறது. விழத்தான் போகிறார் என்று ஓடினேன். படியில் இறங்கி, கழுத்தளவு நீரில் நின்று, தலையை உள்ளே முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தார். ஏறி வந்ததும் என்னங்க இது என்றேன்.

"தண்ணிக்குள்ள கத்துனா யாருக்கும் கேக்காது பரிமளா" என்றார்.

தினமும் கத்தப் போனார். ஒரு மாதத்தில் கத்துவது குறைந்து நீந்த ஆரம்பித்தார். கிணறு போதாமல் குளத்துக்குப் போனார். அங்கேதான் அரவிந்த்குமார் பழக்கமானான். ஆலங்குடியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான், முப்பது வயதுப் பையன். டிரையத்லான் என்ற வார்த்தையை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவன் அவன்தான். பழைய ரேஸ் சைக்கிள் ஒன்றைச் சரிசெய்து கொடுத்தான்.

நான் தடுக்கவில்லை. சொல்லப்போனால் முழுக்க உதவினேன். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தேன். எவ்வளவு எடை இறங்கியதோ அதற்குத் தக்கபடி உப்புக் கரைசல் கலந்தேன். தெர்மாமீட்டரில் உடம்புச் சூடு பார்த்து நோட்டில் எழுதினேன். தொப்பிக்குள் ஐஸ் வைக்க ஒரு பை தைத்துக் கொடுத்தேன். நீண்ட பயிற்சி நாட்களில் ஐஸ் பெட்டியோடு ஸ்கூட்டியில் பின்னாலேயே போனேன். அக்கம்பக்கத்துப் பெண்கள், புருசனும் பொஞ்சாதியும் இப்போதுதான் நன்றாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டார்கள். எடை, நாடித்துடிப்பு, உப்பு. அவ்வளவுதான் நாங்கள் பேசியது.

ஜூலையில் ஒரு நாள் சாயங்காலம் தாமதமாக வந்தார். குன்றாண்டார்கோவில் பக்கம் போனபோது டயர் பஞ்சராகி, அடியில் ஆணி வைத்த அந்தச் சைக்கிள் ஷூவோடு ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறார். வழியில் ஒரு வெள்ளாட்டுக் கிடாய் கூடவே வந்ததாம். நின்றால் நின்றதாம், நடந்தால் நடந்ததாம். "கடைசில டீக்கடைக்காரரு எனக்கு டீயும் அதுக்கு வாழப்பழமும் குடுத்தாரு பரிமளா" என்று சொல்லிச் சிரித்தார். கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றேன். அவர் குணமாகிக்கொண்டிருந்தார். இத்தனை வருட வேலையில் எத்தனையோ பேர் குணமாவதைப் பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஆகஸ்டில் போட்டிக்குப் பனியன் அடித்து வந்தார். முதுகில் 'செவந்தி அப்பா' என்று போட்டிருந்தது. ஊரே அதைப் பார்த்துக் கலங்கியது. எனக்கு வேறு மாதிரி தோன்றியது. பெயரைத் துணியில் அச்சடித்துவிட்டால் மனதில் வைத்திருக்க வேண்டியதில்லை அல்லவா. மகளை முதுகுக்குப் பின்னால் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். கொஞ்சநாளில் செவந்தியின் பள்ளிப் பையை ஆணியிலிருந்து எடுத்து பீரோவில் வைத்தார். செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு புள்ள பெத்துக்குவோமா?" என்று கேட்டார்.

 அன்றைக்கு நான் முடிவு செய்துவிட்டேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அப்படி எழுதினால் உங்களுக்கும் எளிது. உண்மையில் முடிவு என்று ஒன்றை நான் எடுக்கவே இல்லை. வந்ததை வந்தபடி விட்டேன்.

வந்தது காய்ச்சல். அந்த வாரம் வெள்ளிக்கிழமை அவருக்குத் தொண்டை கட்டி உடம்பு சுட்டது. நூற்றொன்று இருந்தது. சனிக்கிழமை நூறு. ஞாயிறு காலை வைத்துப் பார்த்தேன், தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு. அன்றைக்குத்தான் போட்டிக்கு முந்தைய பெரிய பயிற்சி. அறந்தாங்கி வழியாக மணமேல்குடி வரை சைக்கிளில் போய்த் திரும்பி, வந்ததும் பதினெட்டுக் கிலோமீட்டர் ஓட வேண்டும். அரவிந்த்குமார் கல்யாண வீட்டுக்குப் போயிருந்ததால் வரவில்லை.

ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்டார். "போகலாமா பரிமளா? ஒடம்பு அசதியா இருக்கு. நீ வேணாம்னா விட்ருவேன்."

காய்ச்சல் விட்டும் விடாமலும் இருக்கிற உடம்பை வெயிலில் ஓட விடக்கூடாது என்பது எங்கள் பாடத்தில் முதல் வருடமே வரும். உள்ளே ஏற்கெனவே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

"ஒன்னுமில்லங்க. நார்மல்தான். வேர்த்தா சரியாப் போயிரும். போயிட்டு வாங்க" என்றேன்.

அவர் தெர்மாமீட்டரை வாங்கிப் பார்க்கவில்லை. என் வார்த்தையை அவர் ஒரு நாளும் சரிபார்த்ததில்லை.

செப்டம்பரில் இங்கே மழை வராது, வரப்போகிறது என்கிற புழுக்கம் மட்டும் வந்து நிற்கும். அன்றைக்கு ஓலைகூட அசையவில்லை. கடல் பக்கம் போய்த் திரும்பும்போதே பனியன் பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. அந்த ஈரக் காற்றில் வியர்வை வழியும், காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர வைக்காது. பத்தரை மணிக்குச் சைக்கிளை விட்டு இறங்கியபோது வழக்கமாகப் பெட்டியிலிருந்து ஒரு கை ஐஸ் எடுத்துத் தொப்பியில் போடுவேன். அன்றைக்குப் போடவில்லை. அவரும் கேட்கவில்லை. சோர்வில் மறந்திருப்பார். தண்ணீர் கேட்டபோது மட்டும் கொடுத்தேன்.

தோப்புகளுக்கு நடுவே போகிற தார்ச்சாலையில்தான் ஓடுவார். பதினான்காவது கிலோமீட்டரில் கால் பின்னியது. சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனார். ஸ்கூட்டியைப் பக்கத்தில் கொண்டுபோனேன். என்னைப் பார்த்து, "டிக்கெட் எடுத்தாச்சா? பஸ்ஸு ஏன் நிக்கிது?" என்றார்.

வெயில் தாக்கினால் வியர்வை நின்றுவிடும் என்பார்கள். ஓடுகிறவர்களுக்கு நிற்காது. நனைந்துகொண்டே இருக்கும்போதுதான் தாக்கும். பேச்சுக் குழறுவதுதான் முதல் அடையாளம். ஏப்ரல் மாதம் நூறுநாள் வேலைப் பெண்களை மரத்தடியில் உட்கார வைத்து நானே சொல்லியிருக்கிறேன். "ஆளு ஒளறுனா அது களைப்பு இல்ல. மொதல்ல ஐஸோ தண்ணியோ ஊத்திக் குளுர வையிங்க. பெறகு வண்டியக் கூப்புடுங்க. மொத அரைமணி நேரந்தான் உசுரு." அவர்கள் திருப்பிச் சொல்லும்வரை விடவில்லை.

கையைப் பிடித்து அவரைத் தோப்புக்குள் அழைத்துப் போய், ஒரு தென்னையடியில் சாய்த்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். பத்தடி தள்ளி ஒரு பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் மூழ்குகிற அளவு தொட்டி. நிறைந்து வாய்க்காலில் வழிந்துகொண்டிருந்தது. ஐஸ் பெட்டி ஸ்கூட்டியிலேயே இருந்தது. நான் என் துப்பட்டாவால் விசிறினேன்.

நடுவில் ஒருவர் மொபெட்டில் பூமூட்டையோடு வந்து நின்றார். "என்ன நர்சம்மா, சாருக்கு என்ன?" என்றார்.

"ஒன்னுமில்லண்ணே. ஓடுன களைப்பு. செத்த படுத்துருக்காரு."

"நீங்க இருக்கீங்க, அப்பறம் என்ன" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் அவருக்கு வாந்தி வந்தது. கை இழுக்க ஆரம்பித்தது. அவர் மணிக்கட்டில் இருந்த வாட்ச் நாடித்துடிப்பு கூடிவிட்டதாகச் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்தினேன். பிறகு 108-க்கு அழைத்தேன். சாலையில் சைரன் கேட்டதும் எழுந்துபோய்ப் பெட்டியை எடுத்து வந்து, ஐஸை அவர் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்தேன். பம்புசெட்டிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். ஆம்புலன்ஸில் வந்த பெண் என் தோளைத் தொட்டு, "சிஸ்டர், ஃபர்ஸ்ட் எய்டு கரெக்டா பண்ணிருக்கீங்க. தைரியமா இருங்க" என்றாள்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஆஸ்பத்திரியில் உயிர் போனது. கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் வெந்துபோயிருந்தது என்று டாக்டர் சொன்னார். வெந்துபோய் என்ற வார்த்தைக்காக என்னிடம் மன்னிப்பும் கேட்டார்.

உங்கள் ஸ்டேஷனிலிருந்து வந்தவர்கள் இரண்டே கேள்வி கேட்டார்கள். எப்போது விழுந்தார். கூட யார் இருந்தார்கள். விழுந்ததுமே 108-க்கு அழைத்ததாகச் சொன்னேன். நான் இருந்தேன் என்றதும் நோட்டை மூடிவிட்டார்கள்.

போன வாரம் அரவிந்த்குமார் வீட்டுக்கு வந்தான். போட்டியன்று அண்ணன் பெயரில் எல்லோரும் ஓடப்போகிறோம், அண்ணன் கடைசியாக ஓடிய பாதையைப் பனியனில் படமாகப் போடுகிறோம் என்று சொல்லி, அந்த வாட்சை வாங்கிப் போயிருந்தான். திரும்பி வந்தபோது முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, வாட்சுல பாத்தேன், 108 வண்டிக்காரங்ககிட்டயும் நேரம் கேட்டேன். பதினாலாவது கிலோமீட்டர்ல நின்னதுக்கு அப்பறம் நீங்க 108-க்குப் பேசுற வரைக்கும் நாப்பத்தொரு நிமிசம் இருக்குக்கா. அண்ணன் தனியாவா கெடந்தாரு?"

 கேட்டுவிட்டான் என்று நினைத்தேன். அப்பாடா என்றுகூட இருந்தது.

"எளநி வாங்கப் போயிருந்தேன்பா. கடை அங்கிட்டு ரொம்பத் தூரம்" என்றேன்.

உடனே நம்பிவிட்டான், மேடம். என் காலடியில் உட்கார்ந்து அழுதான். "ஒங்கள மாதிரி யாருக்கா பாத்துருப்பா? அதை நெனச்சு நீங்க வருத்தப்படக் கூடாதுக்கா" என்று எனக்கே ஆறுதல் சொன்னான். அவன் போன பிறகு எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மறுநாள் குழந்தைகளுக்கு ஊசி போடுகிற நாள். ஒரு தாய் தன் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு அங்கிட்டுத் திரும்பிக்கொண்டாள். ஊசியைப் பார்க்கப் பயமாம். நான் இருக்கிறேன் என்ற தைரியமாம். பிள்ளையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். இனி என்னிடம் யாரும் எதையும் கேட்கப்போவதில்லை என்று அப்போது தெரிந்தது. அதனால் நானே வந்தேன்.

இதோ அந்த வாட்ச். வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் என்ன என்று கேட்டீர்கள். மகளை மறந்தார், அதனால் என்று எழுதியிருப்பீர்கள். நான் சொன்னதை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் வரும். அதை அடித்துவிடுங்கள்.

செவந்திக்கு நான்காம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஐந்தாம் நாள் காலையில் வயிறு வலிக்கிறது என்றாள். டெங்குவில் காய்ச்சல் இறங்கிய பிறகு வயிறு வலித்தால் ஒரு நிமிடம் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அதையும் நான் ஊர் ஊராகப் போய்ச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு முகாம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பார்க்கிறாயா என்று அதட்டினேன். பிறகு, சரி படுத்துக்கொள் என்று சொல்லி, எதிர்வீட்டு இருளாயி அக்காவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனேன். மூன்று மணிக்கு அக்கா போய்ப் பார்த்தபோது பிள்ளையின் கையும் காலும் ஜில்லென்று இருந்திருக்கிறது. பக்கத்திலேயே இருந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உங்களிடமும் சொன்னேன். செவந்தி என்னிடம் வலி என்று சொன்னது அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று இருந்தேன்.

செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னதில் பாதியைத்தான் உங்களிடம் சொன்னேன். இன்னொரு பிள்ளை என்று கேட்பதற்கு முன்னால் தன் போனை எடுத்து என் கையில் வைத்தார். அந்த ஐந்தாம் நாள் காலை ஒன்பது இருபதுக்கு வீட்டிலிருந்த பழைய போனிலிருந்து செவந்தி அவருக்கு அனுப்பிய குரல் அதில் இருந்தது. 'அப்பா, வவுறு ரொம்ப வலிக்குதுப்பா. அம்மாகிட்ட சொன்னேன், பொய் சொல்றேன்னுட்டுப் போயிட்டாங்க. நீங்க சொல்லுங்கப்பா.'

"நானும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துலதான் இதைக் கேட்டேன்" என்றார். "ரெண்டு பேருமே சமயத்துக்குக் கேக்கல பரிமளா. ஒன்ன ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுன்னு ரெண்டு வருசமா வச்சிருந்தேன். நீ என்ன வேணும்னா செஞ்ச? போதும். நீயே அழிச்சிரு. நாம பொழைப்போம்."

அன்பாகத்தான் சொன்னார். என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். இரண்டு வருடமாக இதைத் தெரிந்துகொண்டேதான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், நான் கலந்த உப்பு நீரைக் குடித்தார், வெள்ளாட்டுக் கிடாய் கதையைச் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மன்னிப்புத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குக் கீழே படுத்து எழ என்னால் முடியவில்லை. குரலை அன்றைக்கே அழித்துவிட்டேன். அவள் பேசியது வேறு எதுவும் எங்களிடம் இல்லை.

தோப்பில் நான் மகளை நினைக்கவே இல்லை, மேடம். அவர் தலை என் மடியில் இருந்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"பாப்பா பேசுனதை வேற யாருக்காச்சும் போட்டுக் காட்டுனீங்களா?"

"இல்ல. ஒனக்குத்தான். தண்ணி குடு."

குழம்பிய நிலையில் இருப்பவர்கள் சொல்லும் முதல் பதிலை நம்பக்கூடாது. கொஞ்சநேரம் விட்டுவிட்டு மறுபடி கேட்க வேண்டும். மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதே பதில்தான், பின்னாலேயே தண்ணீர். நான்காவது முறை கேட்டபோது அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அதன் பிறகுதான் 108-க்கு அழைத்தேன்.